உறையில்லாத இரண்டு காசுகள்

என் மகன் தன் கலியாணத்துக்கென்று வாங்கிய பவுண் காசு தபாலில் வந்த அன்று டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹேர்னிங் முழுக்கப் பன்றிச் சாணி மணத்தது. ஆவணியில் வெட்டி முடிந்த வயல்களுக்குச் சாணித் தண்ணீர் அடிப்பார்கள். மேல்காற்று வீசினால் யன்னலைச் சாத்தினாலும் தப்ப முடியாது. தாலிக்கென்று வந்த பொன்னை இந்த நாற்றத்துக்குள் பிரிக்க வேண்டாமே என்று எனக்குப் பட்டது. சொன்னால் சிரிப்பான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மட்டைப் பெட்டியைக் கிழித்து அவன் வெளியே எடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு தடித்த பிளாஸ்டிக் வில்லை. கண்ணாடி போலத் தெளிவு. அதன் நடுவில் காசு அசையாமல் கிடந்தது. ஒரு பக்கத்தில் அரசனின் தலை, மறுபக்கத்தில் குதிரையில் ஏறி நாகத்தைக் குத்துகிற வீரன். காசுக்கு மேலே ஒரு சீட்டும் அதில் நீளமான எண்ணும் இருந்தன. மூலையில் மினுங்குகிற ஒட்டி ஒன்று.

"என்னடா இது, காசுக்குச் சமாதி கட்டி அனுப்பியிருக்கிறாங்கள்?" என்றேன்.

"இதை ஸ்லாப் எண்டு சொல்லுறது அம்மா. ஆரும் கள்ளமாச் செய்ய ஏலாது. டே எர் எக்தெ."

எக்தெ என்றால் டெனிஷில் அசல். அந்தச் சொல்லை அந்த மாதம் முழுவதும் அவன் வாயில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் ஓர்ஹூஸ் நகரில் கணினி வேலை செய்கிறவன். எதையும் அதன் எண்ணைத் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவான். என் முதுகில் ஒரு எண் இருந்திருந்தால் என்னையும் தட்டிப் பார்த்திருப்பான். உட்கார்ந்து எல்லாம் விளங்கப்படுத்தினான். அமெரிக்காவில் இதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றனவாம். காசைப் பார்த்து, அசல்தானா என்று சோதித்து, தரம் போட்டு, இந்த உறைக்குள் வைத்து மூடுவார்களாம். விளிம்பை ஒட்டுவது பசையால் அல்ல, அதிர்வால் உருக்கி ஒட்டுவது. உடைக்காமல் திறக்க வழியில்லை. திறக்கப் பார்த்தால் விளிம்பு வெள்ளையாக வெடித்துக் காட்டிக்கொடுக்கும். மூலை ஒட்டியைச் சரித்தால் படம் மாறும். சீட்டின் கோடு என்று நாம் நினைப்பது உண்மையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளின் வரிசை. எண்ணை இணையத்தில் தட்டினால் இதே காசின் படம் வரும். புதிய உறைகளில் போனைக் கிட்டக் கொண்டுபோனால் பதில் சொல்கிற சிப் ஒன்றும் இருக்கிறதாம்.

"இவ்வளவு காவல் போட்டிருக்கிறாங்கள் எண்டால், இவ்வளவு கள்ளர் இருக்கிறாங்கள் எண்டுதானே அர்த்தம்," என்றேன்.

"ரோலி நூ, அம்மா," என்றான். அமைதியாக இரு என்பது அதன் பொருள். அமைதியாக இருக்கச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

என் சுபாவம் அப்படி. முதியோர் இல்லத்தில் வேலை. மருந்துப் பெட்டியின் சீல் ஒரு பொட்டு விலகியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். "இவ கோயில் விபூதியையும் மணந்து பாத்துத்தான் பூசுவா," என்று என் கணவர் ஆட்களுக்கு முன்னால் என்னைப் பகிடி பண்ணுவார். அன்று அவர் பகிடி ஒன்றும் பண்ணவில்லை. வில்லையை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போய்விட்டார்.

பொன்னுருக்கல் என்பது எங்கள் யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் ஒரு பெரிய நாள். நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பகுதி ஆட்களும் பார்த்திருக்கப் பவுண் காசை நெருப்பில் உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. உருகிய பொன்னைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். அது மஞ்சளாகத் தெளிந்து வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. கறுத்து வந்தால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பக்கத்து நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த என் சம்பந்தி அம்மா மட்டும் சொன்னா. அவவின் மூத்த மகளுடைய பொன்னுருக்கலில் பொன் கறுத்து, வெடித்து, இரண்டாகப் பிளந்ததாம். சபையில் எல்லோரும் அதைக் கண்டும் காணாததுபோல் பலகாரம் சாப்பிட்டார்களாம். அந்தக் கலியாணம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. இப்போது மூத்தவள் தாயோடு இருக்கிறாள். நான் போனபோது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் காட்டாமல் உள்ளே போனாள்.

"அக்கா, உங்கட மகன் சீல் வைச்ச காசு எடுத்திருக்கிறாராம். பிள்ளை சொன்னவள். எனக்குப் பெரிய ஆறுதல்," என்றா. பிறகு குரலைத் தணித்து, "அதை எனக்கு முன்னாலைதான் உடைக்கவேணும். அதுக்கு முதல் ஆரும் திறக்கக்கூடாது. இந்த முறையும் கறுப்புக் கண்டனெண்டால், சபை எண்டும் பாக்கமாட்டன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போயிடுவன். சொல்லிப்போட்டன்," என்றா.

அவ சிரிக்காமல் சொன்னா. வீடு திரும்பும்போது காற்றாலைகளின் இறக்கைகள் மழைக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. என் மகன் அந்தப் பெண்ணை எவ்வளவு விரும்பினான் என்பது எனக்குத் தெரியும். படிக்கிற காலத்திலிருந்தே அவளைத் தவிர வேறு பேச்சில்லை. அவனுடைய கலியாணம் முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைபட்டுக் கிடந்தது.

அடுத்த நாளே சோதிக்கத் தொடங்கினேன்.

மருந்துத் தாளின் பொடி எழுத்து வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒட்டியைச் சரித்தேன், படம் மாறியதுபோலும் இருந்தது, மாறாததுபோலும் இருந்தது. போனைக் கிட்டப் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் பிடித்தேன். மேலே, கீழே, பின்பக்கம். ஊமைபோல் இருந்தது. மகனுக்கு உடனே போன் எடுத்தேன்.

"அது பழைய உறை அம்மா. பழசிலை சிப் இல்லை. புதுசிலைதான் வைக்கிறவங்கள்."

"கள்ளனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்."

"நம்பரை அடிச்சுப் பாருங்கோவன். படம் வருதுதானே?"

படம் வந்தது. ஆனால் அவனே முன்னொரு நாள் கெட்டித்தனம் காட்டச் சொன்ன கதை ஒன்று என் தலைக்குள் இருந்தது. கள்ள உறை செய்கிறவர்கள் அசல் காசு ஒன்றின் எண்ணைத் திருடித் தங்கள் சீட்டில் அடிப்பார்களாம். எண் உண்மை, படம் உண்மை, உள்ளே கிடப்பது மட்டும் பொய். அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. உறையைத் திறக்காமல் காசைச் சோதிக்க முடியாது. திறந்தால் விற்றவன் திருப்பி எடுக்கமாட்டான், சம்பந்தி அம்மாவும் விடமாட்டா. பேசாமல் வேறொரு காசு வாங்குவோம் என்றேன். மகன், நீங்கள் என்னை நம்பவில்லை என்று டெனிஷில் சொல்லிப் போனை வைத்துவிட்டான். உண்மையாக மனம் நொந்தால் அவனுக்குத் தமிழ் வராது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறு எதையும் ஏன் தேட வேண்டும்? அசல் பவுண் என் கழுத்திலேயே இருக்கிறதே!

எங்கள் தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் பவுண் காசு கோர்ப்பார்கள். என்னுடைய இரண்டையும் என் கணவர் தனியாக டென்மார்க்குக்கு வந்து அகதி முகாமில் இருந்த காலத்தில் வாங்கியவர். கூட இருந்த ஒருவர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாராம். நான் விமானத்தில் வந்து இறங்கி, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் வாடகை மண்டபத்தில் அந்தத் தாலியைக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அது என் கழுத்தை விட்டு இறங்கியது காசு தொங்கும் கொளுவி தேய்ந்தபோது மட்டும்தான். அதையும் அவரே கிரின்ஸ்டெட் நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வருவார். நானும் வாறன் என்றால், "உமக்கேன் அலைச்சல்?" என்பார். திரும்பி வரும்போது காசு இரண்டும் புதிதுபோல் மினுங்கும். கோயிலில் பெண்கள் பிடித்துப் பார்த்து, என்ன போட்டுக் கழுவுகிறீர் என்று கேட்பார்கள். என் புருஷனின் கைராசி என்பேன். சட்டை ஒன்று வாங்கித் தரத் தெரியாத மனிதர் என் தாலியில் மட்டும் இவ்வளவு கவனம் வைத்திருக்கிறாரே என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

கொடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். பக்கத்தில் மகனின் வில்லையை வைத்தேன். இரண்டிலும் அதே குதிரை, அதே வீரன், அதே நாகம். பூதக்கண்ணாடியைப் பிடித்து மாறி மாறிப் பார்த்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. என் காசில் வீரனின் முகம் உருண்டு வழவழப்பாக இருந்தது; வில்லைக்குள் இருந்தவனுக்கு மூக்கும் தாடையும் கத்திபோல் இருந்தன. என் நாகத்தின் முதுகு மழமழ என்றிருந்தது. அந்த நாகத்தில் செதில் செதிலாகக் கோடுகள். எழுத்தும் அங்கே மெல்லிசு, என்னுடையதில் தடிப்பு. நிறத்தைப் பார்த்ததும் முடிவுக்கே வந்துவிட்டேன். என்னுடையது நல்ல மஞ்சள். அது செம்பு கலந்ததுபோல் ஒரு சிவப்பு. கள்ளக் காசு! என் பிள்ளையை ஏமாற்றிப்போட்டாங்கள்!

நிமிர்ந்தபோது கணவர் வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"என்ன செய்யிறீர்?"

"இஞ்சை வந்து பாருங்கோ. ரெண்டும் வேற வேற. இது பித்தளையோ என்னவோ. நாளைக்கு ரெண்டையும் கொண்டுபோய் ரவுணிலை நகைக்கடைக்காரனிட்டைக் காட்டுவம்."

"ஒரு இடமும் போகத் தேவையில்லை!" என்று கத்தினார்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. நான் திகைத்துப்போனேன். உடனே குரலை இறக்கி, "கொடியைக் கழுத்திலை போடும். விளக்கு வைக்கிற நேரம்," என்றார். அப்படியே கராஜுக்குப் போனார். பாவம், அவருக்கும் பயம் பிடித்துவிட்டது, அதை ஆம்பிளை வெளியே காட்டுவாரா என்று நினைத்தேன்.

அதன் பிறகு பொன்னுருக்கல் நாள்வரை எங்கள் வீட்டில் ஒரு கனம் இறங்கிக் கிடந்தது. நான் வில்லையை எடுப்பேன். அவர் எழும்பிப் போவார். நான் கொடியைக் கையில் பிடித்தால் போதும், அவருக்கு இருமல் வரும். இரண்டு பேரும் ஒரே பயத்தில் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பொன்னுருக்கலன்று காலையில் ஒரு கறுப்புக் குருவி பறந்து வந்து கண்ணாடிக் கதவில் அடிபட்டு விழுந்தது. இந்த ஊரில் அது அடிக்கடி நடப்பதுதான். கணவர் நான் பார்ப்பதற்கு முன் அதை எடுத்துக் கராஜின் பின்னால் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார். நான் பார்த்துவிட்டேன். பார்க்காதவள்போல் மாக்கோலம் போட்டேன்.

பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். நான் எடுத்திருந்த முடிவு இதுதான். உறையைச் சபையில் உடைத்ததும் காசை என் கையில் தருவார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி அதைப் பாலில் கழுவிச் சாமிக்கு முன்னால் வைத்து எடுத்துப் பத்தரிடம் கொடுக்க வேண்டும். பத்தர் என்றால் நகை செய்கிறவர். சாமியறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே மகனின் காசை இடுப்பில் செருகிவிட்டு, என் தாலியின் பக்கக் காசு ஒன்றை உருக்கக் கொடுப்பேன். சபை தங்கத்தைத் தங்கமாகப் பார்க்கும். என் பிள்ளையின் கலியாணம் நடக்கும்.

குறட்டால் கொளுவியை நெரித்து விரித்தேன். உயிரோடு இருக்கிற புருஷனின் தாலியில் இரும்பை வைக்கிறேனே என்று கண்ணீர் வந்தது. காசு கழன்று கைகழுவுகிற தொட்டிக்குள் விழுந்து சுழன்றது. எடுத்து முந்தானை நுனியில் முடிந்து, கொடியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டேன்.

ஹொல்ஸ்டெப்ரோக் கார்கள் நேரத்துக்கு வந்தன. பத்தர் காஸ் அடுப்பும் சின்ன மண் குடுவையும் கொண்டு வந்திருந்தார். புகை அலாரம் கத்திச் சபையைக் கலைத்துவிடக்கூடாது என்று கணவர் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றி வைத்திருந்தார். சம்பந்தி அம்மா வந்ததும் வராததுமாக அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டா.

மகன் வில்லையை எல்லோருக்கும் காட்டினான். ஒட்டியைச் சரித்துக் காட்டினான். பிறகு குறட்டால் விளிம்பைக் கவ்வி நெரித்தான். எலும்பு முறிகிறதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு ஓடியது. இன்னொரு தரம் நெரிக்க இரண்டாகப் பிளந்தது. சம்பந்தி அம்மா ஒரு துண்டை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினா. காசு என் உள்ளங்கைக்கு வந்தது.

சாமியறைக்குள் போனேன். நான் நினைத்ததற்கு மாறாக அங்கே கணவர் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நின்றார். போவார் என்று பார்த்தேன். போகவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மறைக்க இனி வழியில்லை என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

காசைக் கண்டதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதைப் போடாதையும்."

"எனக்கும் மனமில்லைதான். தாலியிலை கை வைக்கக்கூடாதெண்டு எனக்குத் தெரியாதே? பிள்ளைக்காகத்தான்..."

"அதுக்கில்லை." அவருடைய பிடி இறுகியது. "அது பவுண் இல்லை. பித்தளை. பூச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவர் எந்தக் காசைச் சொல்கிறார் என்றுகூட விளங்கவில்லை. இரண்டு கையிலும் இரண்டு காசு. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. எதை வைத்து எதை அளந்தேன் என்பது அப்போதுதான் தலைக்குள் ஏறியது.

"அக்கா, நேரம் முடியப்போகுது!" சம்பந்தி அம்மாவின் குரல் வெளியிலிருந்து வந்தது.

கணவர் கையை விட்டார். நான் மகனின் காசைப் பாலில் தோய்த்து எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

பத்தர் காசைக் குடுவைக்குள் வைத்து, வெங்காரப் பொடி தூவி, சுவாலையைத் திருப்பினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குதிரையின் மேல் ஒரு கறுப்புப் படர்ந்தது. வீரனின் முகம் கறுத்தது. சம்பந்தி அம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றினா. எழும்பப் போகிறா என்று எனக்குத் தெரிந்தது. மகன் என்னைத்தான் பார்த்தான். அம்மா, நீ சொன்னது சரியோ என்று கேட்கிற பார்வை அது.

"பொறுங்கோ," என்றார் பத்தர். "பவுணிலை செம்பு இருக்கு. முதல் கறுக்கும்."

விளிம்பு தளர்ந்தது. அரசனும் குதிரையும் நாகமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தார்கள். கறுப்புத் தோல் விலக, உள்ளேயிருந்து ஒரு துளி பொன் உருண்டு திரண்டு கண்ணைக் கூசப் பண்ணியது. சபை முழுவதும் பெருமூச்சு விட்டது. தட்டம் கைக்குக் கை போனது. சம்பந்தி அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாய்விட்டு அழுதா. வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. பிடித்த கையை விடாமல் என் கழுத்தைப் பார்த்தா. அணைத்ததில் கொடி சட்டைக்கு வெளியே வந்திருந்தது.

"என்னக்கா, ஒரு காசைக் காணேல்லை?"

என் பின்னாலிருந்து கணவரின் குரல் வந்தது.

"கொளுவி தேய்ஞ்சுபோச்சு தங்கச்சி. நான் திருத்தக் குடுத்திருக்கிறன்."

எவ்வளவு சரளமாகச் சொன்னார்! ஒரு சொல் தடக்கவில்லை. அந்த வசனம் அந்த வாயில் எவ்வளவு பழகியிருக்கிறது என்று நின்று கேட்டேன்.

ஆட்கள் போன பிறகு அவர் ஸ்டூலில் ஏறிப் புகை அலாரத்தைத் திரும்பப் பூட்டினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விழுந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு கோபம்.

"எப்ப தெரியும்?"

"முதல் தரம் கொளுவி அறுந்தது நினைவிருக்கே? பிள்ளை தவழுற நேரம். கடைக்காரன் உரசிப் பாத்துச் சொன்னவன்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? நீர் அதைத் தொட்டுத் தொட்டுக் கண்ணிலை ஒத்துவீர்." அலாரத்தின் மூடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே பூட்டுப்பட்டிருந்தது. "மங்கி வரேக்கை கொண்டுபோய்ப் பூச்சுப் போடுவிப்பன். வித்தவன் ஆரெண்டு கேக்காதையும். அவன் இப்ப இல்லை."

"நான் இத்தனை நாளும் பிள்ளையின்ரை காசைப் பாத்துப் பயந்து செத்தன். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

"நீர் அந்தப் பூதக்கண்ணாடியை எடுக்கேக்கை எல்லாம்," என்று மேலேயிருந்தபடியே சொன்னார், "நான் பயந்தது உம்மடை கழுத்தைப் பாத்துத்தான்."

பித்தான் ஒன்றை அழுத்தினார். அலாரம் வீடு அதிரக் கத்தி ஓய்ந்தது.

கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. கழற்றிய காசை அவரே திரும்பக் கோர்த்துக் கொடுத்தார். நானும் போட்டுக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன். போடாமல் போனால் நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிடவில்லை. உப்பு முடிந்தது, காருக்குச் சக்கரம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் பேசினோம். ஆனால் குனிந்து எதையாவது எடுக்கும்போது அந்தக் காசுகள் நெஞ்சில் தட்டும். தட்டும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்ப்பார். கோயிலில் பெண்கள் கொடியைப் பிடித்துப் பார்க்க வந்தால் நான் சால்வையை இழுத்து மூடப் பழகிக்கொண்டேன். அந்தச் சுகமில்லாத பழக்கத்தை அவர் எனக்குக் கற்றுத் தந்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

மாரி தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மகன் ஒரு சிரிப்போடு சொன்னான்.

"அம்மா, உங்கட அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன தாறது எண்டு யோசிச்சிட்டம். உங்கட தாலியிலை இருக்கிற ரெண்டு காசையும் அமெரிக்காவுக்கு அனுப்பப்போறம். அவங்கள் பாத்து, நம்பர் போட்டு, உறைக்குள்ளை வைச்சுத் தருவாங்கள். பழைய காசுதானே, கழுத்திலை கிடந்து தேயுது. கொடிக்கு வேறை காசு நான் வாங்கித் தாறன். பிறகு ஆரும் சந்தேகப்பட ஏலாது."

கடைசி வசனத்தை என்னைப் பகிடி பண்ணுவதற்காகச் சொன்னான். மருமகளும் சிரித்தாள். "எங்கட அம்மாவும் அது நல்லம் எண்டு சொன்னவ மாமி. எல்லாம் பதிஞ்சாச்சு. காசைக் குடுத்தால் சரி."

அசல் இல்லாத காசை அந்தக் கம்பனிகள் உறைக்குள் வைக்காது. காரணத்தை எழுதி, வெறும் பையில் போட்டுத் திருப்பி அனுப்பும். அதுவும் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கணவரின் கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளுவி தேய்ந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறது என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தார். கொடி என் கழுத்தில் கிடப்பதையும் மறந்து காத்திருந்தார். வேறு ஏதாவது ஒரு பொய் என் வாயில் வரும், இத்தனை காலம் தான் தனியே சுமந்ததில் பாதியை இனி நான் சுமப்பேன் என்று அந்தப் பார்வை நம்பியது. சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

கொடியைத் தலைக்கு மேலால் கழற்றி மேசை நடுவில் வைத்தேன்.

"அப்பா கழட்டித் தருவார்," என்றேன். "எப்பவும் அவர்தானே."

அவர் மெல்ல எழும்பினார். குறடு எடுத்து வாறன் என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனார். லைட் எரிந்தது. மேசை லாச்சிகளை இழுத்து இழுத்து மூடும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டது. குறடு எந்த லாச்சியில் இருக்கிறது என்பது எனக்கே தெரியும்.

மகன் அதற்குள் போனை எடுத்துக் காசுகளைப் படம் பிடித்தான். அனுப்ப முதல் ஒரு பதிவு வேண்டுமாம். பிடித்த படத்தை இரண்டு விரலால் விரித்தான். குதிரையைப் பார்த்தான். வீரனின் முகத்தைப் பார்த்தான். நாகத்தின் முதுகில் விரல் நின்றது. தாலிக்கு உருக்கிய தன் காசின் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அம்மா," என்றான், பிறகு டெனிஷில் எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான்.

கராஜில் லாச்சி இழுபடும் சத்தம் நின்றிருந்தது.